இலையின் மேல் பாதி

காலை ஆறரை மணிக்குச் சென்னையின் எந்தப் பெரிய பூங்காவுக்குப் போனாலும் வாசலில் ஒரு தள்ளுவண்டி நிற்கும். அருகம்புல் சாறு, வாழைத்தண்டுச் சாறு, முடக்கத்தான் சூப், முருங்கைக்கீரை சூப் என எவர்சில்வர் தூக்குகள் வரிசை கட்டியிருக்கும். நடந்து வேர்த்தவர்கள் காகிதக் கோப்பையில் வாங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்து முடிப்பார்கள். கால் மணி நேரம் கழித்து அவர்களில் பாதிப் பேர் எதிர்ச்சாரி ஓட்டலில் பொங்கல் வடையோடு உட்கார்ந்திருப்பார்கள். இப்போது அதிலும் ஒரு முன்னேற்றம் வந்திருக்கிறது. ஓட்டல் பலகையில் ‘சாமைப் பொங்கல்’ என்று எழுதியிருக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல். நெய் அதே நெய், முந்திரி அதே முந்திரி, தட்டில் விழும் கரண்டியும் அதே கரண்டி. சாப்பிடுகிறவர் முகத்தில் மட்டும் ஒரு புது நிம்மதி.

அந்த நிம்மதிக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது?

நடுத்தரக் குடும்பங்களின் சமையலறையில் சில ஆண்டுகளாக நடந்துவருபவற்றை அரசு அலுவலக மொழியில் சொல்வதானால், அவை பெரும்பாலும் இடமாற்ற உத்தரவுகள். வெள்ளை அரிசி போய்க் கருப்புக் கவுனி வந்தது. வெள்ளைச் சர்க்கரை போய் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி. பாக்கெட் எண்ணெய் போய் மரச்செக்கு எண்ணெய். ரவை உப்புமா போய்த் தினை உப்புமா. மைதா பிஸ்கட் போய்க் கேழ்வரகு பிஸ்கட். ஒவ்வொரு நாற்காலியிலும் ஆள் மாறிவிட்டார். நாற்காலிகளின் எண்ணிக்கையும் அளவும் அப்படியே இருக்கின்றன. எண்ணெய் எந்தச் செக்கில் ஆடினாலும் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரிதான். நாட்டுச் சர்க்கரையிலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். ‘நாட்டுச் சர்க்கரைதானே’ என்று காபியில் அரைக் கரண்டி கூடப் போடுகிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு.

இந்த இடமாற்றங்களில் மிகப் பெரியது சிறுதானியம். இந்தியா முன்மொழிய, 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதற்குப் பிறகு கல்யாணப் பந்தியில் குதிரைவாலித் தயிர்சாதம் வராத ஊர் குறைவு. வானம் பார்த்த பூமியில் குறைந்த தண்ணீரில் விளையும் பயிர்களுக்கு மரியாதை திரும்பியது நல்ல செய்திதான். அதில் சந்தேகமே வேண்டாம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம்கூடத் தேறாது. நார்ச்சத்தும் அரிசியைவிட அதிகம்.

ஆனால், இந்தத் தானியங்களைத் தினமும் சாப்பிட்டு வளர்ந்த தலைமுறையைக் கேட்டால் வேறு கதை வரும். தருமபுரிப் பக்கத்திலும் கொங்கு வறட்சிக் காடுகளிலும் களியும் கூழும்தான் அன்றாடம். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி வந்தாலும். அரிசி அங்கே வெறும் உணவாக இருக்கவில்லை, கௌரவமாக இருந்தது. கம்பங்கூழ் குடித்தவர்கள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை காட்டில் வேலை செய்தார்கள். அதற்குத் தொட்டுக்கொள்ள மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும், வாய்த்தால் கருவாடும் இருந்தன. சாமையைக் குத்தி உமி நீக்குவது சாதாரண வேலையும் இல்லை. கொல்லிமலையில் பெண்கள் உரலோடு பட்ட அந்தப் பாடும் அந்தப் பயிர்கள் சுருங்க ஒரு காரணம். அதைக் குறைக்கத்தான் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்குள்ள ஊர்களில் உமி நீக்கும் எந்திரங்களை அமைக்க உதவியது. குளிரூட்டிய அறையில் நாற்காலியைவிட்டு எழாமல் வேலை பார்ப்பவரின் தட்டுக்கு வந்திருக்கும் சாமைப் பொங்கலுக்கு இந்த வரலாற்றில் பெயர் மட்டுமே சொந்தம்.

இங்கே ஓர் ஆய்வைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில், சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் தலைமையேற்று நாடு முழுவதும் நடத்திய நீரிழிவு ஆய்வு அது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்த பெரிய முயற்சி. 2023-இல் அதன் முடிவுகள் வெளியானபோது இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரியவந்தது, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. அந்தத் தலைப்புச் செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும்.

2025-இல் அதே ஆய்விலிருந்து, மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்ற பகுதி ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்தது. இந்தியர்கள் ஒரு நாளில் பெறும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்திலிருந்து வருவது 12 சதவீதம்தான். அடுத்த கண்டுபிடிப்புதான் சாமைப் பொங்கலோடு நேரடியாகத் தொடர்புடையது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், தீட்டிய தானியத்துக்குப் பதிலாக முழுக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாறாக, மொத்த ஆற்றலில் வெறும் ஐந்து சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து எடுத்துப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றிக் கொடுத்தாலே அபாயம் குறைவதோடு தொடர்பு தெரிந்தது. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அந்த ஐந்து சதவீதம் என்பது 100 கலோரி. கண்ணளவில் ஒரு கரண்டிச் சோறு.

ஆக, அரிசியா சாமையா என்பது இரண்டாவது கேள்வி. எத்தனை கரண்டி என்பதே முதல் கேள்வி.

எண்களும் இதையேதான் சொல்கின்றன. சமைக்காத அரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 355 கலோரி என்றால் கேழ்வரகில் 320. சாமை இரண்டுக்கும் நடுவில். புரதத்தில் கேழ்வரகு அரிசியைவிட ஒரு பிடி குறைவுதான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கூடவே தீட்டும் ஆலை வேறு இருக்கிறது. பாக்கெட்டில் பளபளவென்று வெள்ளையாக வரும் சாமையும் வரகும் தவிட்டை ஆலையிலேயே விட்டுவிட்டு வந்தவை. கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் இரத்தச் சர்க்கரை ஏறும் வேகத்தைச் சர்க்கரை நோயாளிகள் பலர் விரல் நுனியில் ஊசி குத்திப் பார்த்தே அறிந்திருக்கிறார்கள். ‘மில்லட் பிஸ்கட்’ பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பதும் நல்ல பழக்கம். எது அதிகமோ அது முதலில் என்ற வரிசையில்தான் சேர்மானங்களை அச்சிட வேண்டும் என்பது விதி. முதலில் கோதுமை மாவு அல்லது மைதா, அடுத்துச் சர்க்கரை, பிறகு எண்ணெய், எங்கோ பின்னால் ஒற்றை இலக்கச் சதவீதத்தில் கேழ்வரகு என்றிருந்தால், அட்டையில் இருக்கும் கதிர்ப் படத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் உறவு தூரத்துச் சொந்தம்.

பெயர் மாற்றத்தில் நிறுவனங்கள் மக்களைவிடக் கெட்டிக்காரர்கள். பல பத்தாண்டுகளாகத் தமிழ் வீடுகளில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்றால் பாலில் கலக்கும் மால்ட் பொடி. 2023-இல் போர்ன்விட்டாவில் உள்ள சர்க்கரை அளவைப் பற்றி ஒரு சமூக ஊடகக் காணொளி கிளப்பிய சர்ச்சை, 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் வரை போனது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற வகையே கிடையாது, அந்தத் தலைப்பின்கீழ் இவற்றை விற்காதீர்கள் என்று இணைய வணிகத் தளங்களுக்கு அமைச்சகம் அறிவுறுத்தியது. அதே மாதத்தில் ஹார்லிக்ஸ் தயாரிக்கும் நிறுவனமும் தன் வகையின் பெயரிலிருந்து ‘ஹெல்த்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘ஃபங்ஷனல் நியூட்ரிஷனல் டிரிங்க்ஸ்’ என்று மாற்றிக்கொண்டது. தமிழில் இதை எப்படிச் சொல்வதென்று கடைக்காரர்கள் இன்னும் முடிவுசெய்யவில்லை. பழைய பெயரிலேயே கேட்கிறார்கள், பழைய பெயரிலேயே கொடுக்கிறார்கள்.

வாழை இலையை எடுத்துக்கொள்வோம். நடு நரம்புக்கு மேலே ஒரு பாதி, கீழே ஒரு பாதி. மேல் பாதி பொரியல், கூட்டு, அவியல், பச்சடி, ஊறுகாய்க்கு. கீழ் பாதி சோற்றுக்கு. இடத்தை அளந்து பார்த்தால் காய்க்கும் சோற்றுக்கும் சரிபாதி ஒதுக்கீடு. இலையை இப்படிப் பிரித்தவர்களுக்கு ஊட்டச்சத்து அறிக்கை எதுவும் கையில் இருந்திருக்காது. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் ஏறக்குறைய இதே கணக்கைத்தான் போடுகிறது. 2,000 கலோரி உணவில் தானியம் 250 கிராம் போதும். காயும் கீரையும் சேர்த்து 400 கிராம் வேண்டும். பருப்பு, பயறு, அல்லது முட்டை, இறைச்சி 85 கிராம். தானியத்தைவிடக் காய் கூட!

நடைமுறையில் இலையின் மேல் பாதி ஓர் அலங்காரம். மூன்று விரலால் எடுத்து வைத்தாற்போலப் பீன்ஸ் பொரியல், பக்கத்தில் உருளைக்கிழங்கு. கீழ் பாதியில் மட்டும் குன்று. அந்தக் குன்றைக் கரைக்கத்தான் மூன்று சுற்று. சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. தமிழ்ச் சாப்பாட்டில் குழம்பு என்பதே சோற்றை உள்ளே அனுப்பும் வாகனம். வத்தக்குழம்பு, புளிக்குழம்பு நாளில் வாகனத்தில் பருப்பும் இருக்காது. காலையில் இட்லி, ராத்திரி தோசை. மாவு நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. மூன்று வேளையும் அரிசியே வெவ்வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

இதைக் கவனித்துத்தானோ என்னவோ, இன்னொரு கோடியில் புரத மோகம் கிளம்பியிருக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்த மறுநாளே டப்பா வாங்கிவிடுகிறார்கள். புரத லஸ்ஸி, புரத மோர், புரத ஐஸ்கிரீம் எல்லாம் வந்தாயிற்று. 2025-இல் மேற்கு, தென்னிந்திய மெக்டொனால்ட்ஸ் கடைகளில் பர்கருக்குள் செருகிக்கொள்ள ஐந்து கிராம் புரதத்தோடு ஒரு வில்லை வந்தது. உருவாக்கத்தில் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும் கைகோத்தது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அதே வழிகாட்டியோ, உடம்பைத் திரட்டப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் பொடியில் ஒரு கரண்டிக்கு இருபது இருபத்தைந்து கிராம் புரதம். 100 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்தால் கிட்டத்தட்ட இருபது கிராம் வந்துவிடும். மளிகைக் கடையில் அதன் விலை பத்துப் பன்னிரண்டு ரூபாயைத் தாண்டாது. கடலை மிட்டாயாகாத வெறும் நிலக்கடலை 100 கிராமில் இருபத்தைந்து கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. கொழுப்பும் கூட இருப்பதால் அதில் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நவராத்திரி ஒன்பது நாளும் சுண்டல் வீடு தேடி வருகிறது. மொச்சை, பட்டாணி, காராமணி, கொண்டைக்கடலை, பாசிப்பயறு என நாளுக்கொன்று. ஒன்பதாம் நாள் ஆயுத பூஜைப் பொரியும் தீர்ந்ததும் அடுத்த ஆண்டுவரை சுண்டலுக்கு மெரினாதான் கதி. சுண்டலைப் பிரசாதமாகவும் கடற்கரைத் தீனியாகவும் மட்டும் வைத்திருப்பதை மாற்ற ஓர் இன்ஃப்ளூயன்சரும் தேவையில்லை. அரிசிக்குச் சமமாகப் பருப்பு போட்டு அரைக்கும் அடை இருக்கிறது. பருப்பு உசிலி இருக்கிறது. மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு இருக்கிறது. சால்மன் மீனில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பைத் தேடி மாத்திரை வாங்குகிறவர், மீன் மார்க்கெட்டில் மத்தியை மலிவென்பதாலேயே தாண்டிப் போகிறார்.

புரதம் ஏழைக்கு எட்டாதது என்ற எண்ணத்தைத் தமிழ்நாட்டு அரசியல் என்றோ உடைக்கத் தொடங்கியது. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது, 1956-இல் காமராஜர் அதை மாநிலம் எங்கும் கொண்டுபோனார், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். அந்தத் தட்டில் சோறும் சாம்பாரும் மட்டுமே என்றிருந்த நிலையை மாற்றியது முட்டை. கருணாநிதி ஆட்சியில் எப்போதோ ஒருமுறை என்று 1989-இல் நுழைந்த முட்டை, 2010-க்குள் பள்ளி நாட்கள் ஐந்திலும் வரத் தொடங்கியது. நாட்டின் பல மாநிலங்களில் பள்ளித் தட்டில் முட்டை வைக்கலாமா என்ற சண்டையே இன்னும் முடியாதபோது, நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாக வரும் முட்டை இங்கே பேச்சுப் பொருளாகக்கூட இல்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் பசியோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைகளுக்குச் செய்திருக்கும் உதவி பெரிது. ஆனால் அதன் பட்டியலைப் பார்த்தால் உப்புமா, கிச்சடி, பொங்கல். ரவை, சேமியா, அரிசி. காய்கறிச் சாம்பார் கூட வருகிறது என்றாலும், மதியத் தட்டுக்குப் போன யோசனை இன்னும் காலைத் தட்டை எட்டவில்லை.

அதே அரசின் நியாயவிலைக் கடையில் கணக்கு இன்னும் தெளிவாக இருக்கிறது. நான்கு பேர் உள்ள அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி, 2011 ஜூன் முதல் விலையில்லாமல். துவரம்பருப்பு ஒரு கிலோ, 30 ரூபாய். நாளுக்கு, ஆளுக்கு வகுத்துப் பார்த்தால் அரிசி 167 கிராம்; பருப்பு எட்டே கிராம். வழிகாட்டி சொல்லும் விகிதம் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. கடையில் இருப்பது இருபதுக்கு ஒன்று. பசியை ஒழித்த அரிசியைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அந்த இருபது கிலோ வந்த பிறகுதான் பல வீடுகளில் மூன்று வேளை உலை கொதித்தது. ஆனால் அடுத்த கட்டமாக 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரசு செய்தது என்ன? இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு. சுண்ணாம்புச் சத்துக்கும் மானாவாரி விவசாயிக்கும் நல்லது. தட்டின் விகிதம் அப்படியே இருக்கிறது. இங்கேயும் ஓர் இடமாற்ற உத்தரவு.

அந்த எட்டு கிராம் பருப்பும் வீட்டுக்குள் சமமாகப் பிரிவதில்லை. சாம்பாரின் அடிமண்டி முதலில் உட்காருகிறவர்களுக்கு. பரிமாறிவிட்டுக் கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்கு மிஞ்சுவது தெளிந்த சாம்பாரும் ரசமும், தீராமல் இருக்கும் சோறும். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. அதே சுற்றில் பத்துப் பெண்களில் நால்வர் உடல் எடை கூடியவர்கள். எடை கூடிய உடம்பும் சத்துக் குறைந்த இரத்தமும் ஒரே தெருவில், பல நேரம் ஒரே ஆளிடம் இருப்பதை, வெறும் சோற்றால் நிரம்பும் தட்டை நினைத்துப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். ‘டயட்’ என்ற சொல் அவளுக்குச் சொல்லப்படும்போது, அது பெரும்பாலும் இன்னும் குறைத்துச் சாப்பிடு என்றே அர்த்தப்படுகிறது. ஒரு முட்டை கூடச் சாப்பிடு, சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே, கீரையில் எலுமிச்சை பிழி என்று யாரும் சொல்வதில்லை. டீ இரும்புச் சத்தை உடம்பு ஏற்பதைத் தடுக்கிறது. எலுமிச்சை ஏற்க உதவுகிறது. மாதச் செலவில் இதற்கெல்லாம் பெரிய கணக்கே விழாது.

இதில் ஒரு நல்ல சொல்லையும் மறந்துவிட்டோம். ஓட்டல் பலகைகளில் ‘முழுச் சாப்பாடு’க்குக் கீழே ‘அளவுச் சாப்பாடு’ என்று ஒன்று இருக்கும். அளவுச் சாப்பாடு என்றால் காசு குறைவாக இருப்பவருக்கு என்று ஊர் பழகிவிட்டது. முழுச் சாப்பாட்டில் எது எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும் என்று பெயர். சோற்று வாளி கேட்காமலே வந்துகொண்டிருக்கும், பொரியல் வாளியை இரண்டு முறை கூப்பிட வேண்டும், மூன்றாவது முறை கூப்பிட்டால் பரிமாறுகிறவர் பார்க்கும் பார்வையே வேறு. அரிசி மலிவு, காய் விலை அதிகம் என்ற ஓட்டல்காரரின் கணக்கைத் தவறென்று சொல்ல முடியாது. அந்தக் கணக்குக்குக் கவுனியோ சாமையோ மாற்று இல்லை. விலையைக் கையில் வைத்திருப்பவர் இன்னொருவர் இருக்கிறார். மாதம் மூன்று கிலோ பருப்பும் பயறும் கொடுத்து, அதற்கேற்ப அரிசியில் ஐந்து கிலோவைக் குறைத்துக்கொள்ள விரும்பும் அட்டைதாரருக்கு அந்த வாய்ப்பைத் திறந்துவிட அரசால் முடியும். மானாவாரி நிலத்தில் துவரையும் உளுந்தும் கொள்ளும் போடுகிற விவசாயியிடம் நேரடியாகக் கொள்முதல் செய்யவும் முடியும். செலவு கூடும், நீரிழிவு மாத்திரைகளை அரசு மருத்துவமனைகளில் ஆண்டு முழுக்க இலவசமாகக் கொடுக்கும் செலவோடு வைத்துத்தான் அதைப் பார்க்க வேண்டும்.

மக்களுக்கு எது வேண்டும் என்பதை அறிய அரசு புதிதாக ஆய்வு நடத்தத் தேவையிருக்காது. மாதக் கடைசியில் எந்த நியாயவிலைக் கடை வாசலிலும் கொஞ்ச நேரம் நின்றால் போதும். பையோடு வருகிறவர்கள் தெருமுனையிலிருந்தே கேட்டுக்கொண்டு வருவது ஒரே கேள்வி: “பருப்பு வந்துருச்சாக்கா?” அரிசி வந்துவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை.